மேனேஜர் பந்து

உளுந்த வடையை வாயில் வைத்திருக்கிற மனுஷனிடம் ஒரு காரியம் கேட்டால், அவரால் சட்டென்று மறுக்க முடியாது. இதை நான் அனுபவத்தில் கண்டேன்.

சிவகிரி அணியின் கேப்டன் பாண்டியன் அப்படித்தான் மாட்டினார். எலுமிச்சைத் தோட்டமும் கொஞ்சம் தென்னையும் வைத்திருக்கிற விவசாயி. சங்கரன்கோவில் ரயில்வே ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கத்துப் பொட்டலில், வேப்பமரத்தடியில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வெயில் இன்னும் ஏறவில்லை. நான் சாம்பார் வாளியோடு அவர் முன்னால் போய் நின்றேன். வாளி இடது கையில். வலது கை அப்போது வாளி தூக்கும் நிலையில் இல்லை.

"தம்பி, ஒரு சின்ன விஷயம். இன்னைக்கு நான் பந்து போட வேண்டி வந்தா, கையைத் தூக்காம கீழ இருந்துதான் போடுவேன். உங்களுக்குச் சம்மதந்தானா?"

பாண்டியன் தலையை ஆட்டினார். பிறகு மென்று விழுங்கிவிட்டுக் கேட்டார். "அண்டர் ஆர்மா? சின்னப் பிள்ளைக போடுத மாதிரியா?"

"அதேதான்."

"உருட்டி விடுவீயளோ?"

"உருட்ட மாட்டேன். குத்தி எழும்பித்தான் வரும்."

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சிவகிரிக்காரர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். பாண்டியன் இலையை நீட்டினார். "அண்ணாச்சி, நீங்க படுத்துக்கிட்டுப் போட்டாலும் எங்களுக்குச் சம்மதம். இன்னொரு வடை வைங்க."

வைத்தேன். எனக்குப் பின்னால் கைகட்டி நின்ற வேல்ச்சாமி சார், "நானும் கேட்டுக்கிட்டேன்" என்றார். அவர்தான் அன்றைக்கு அம்பயர்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூர் அணி விளையாட வந்தால் காலைச் சாப்பாடு உள்ளூர்க்காரர் பொறுப்பு. இட்லி, வடை, பொங்கல், சுடச்சுடக் காப்பி எல்லாம் கொடுத்து, வயிறு நிறைந்தபின்தான் டாஸ். அணியில் மூத்தவர் பரிமாற வேண்டும். அந்தக் காலையில் மூத்தவன் நான். சரியாகச் சொன்னால், அணியில் இருந்தேனா இல்லையா என்பதுதான் அந்தக் காலையின் கேள்வியே.

தோள் பூட்டிக்கொண்டது

கிரிக்கெட்டில் நான் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொடரை இந்த வாரம்தான் படிக்கத் தொடங்குகிறவர்கள், இவன் ஏதோ பெரிய ஆட்டக்காரன் போலிருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது.

தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. சங்கரன்கோவிலுக்கு முப்பது வருஷமாக வேகப்பந்து வீசியவன். கோவில்பட்டி வரைக்கும் போய் விளையாடியிருக்கிறேன். ஒரே ஒரு தடவை மாவட்ட அணிக்கு மாற்று ஆளாக எடுத்தார்கள். திருநெல்வேலிக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்து, எல்லோருக்கும் எலுமிச்சம்பழ ஜூஸ் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன். என் பெயர் பத்திரிகையில் வந்தது இல்லை. ஆனால் எங்கள் பொட்டலில் நான் ஓடி வந்தால் மட்டை பிடித்தவன் ஒரு தடவை எச்சில் விழுங்குவான். ஒரு மனுஷனுக்கு அது போதும்.

நாற்பது தாண்டியவர்களுக்கென்று டென்னிஸ் பந்துப் போட்டிகள் இப்போது ஊர் ஊருக்கு நடக்கின்றன. எங்கள் ஊரில் ஆடித்தபசுத் திருவிழாவை ஒட்டி நடக்கும். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகும் அதில் நான்தான் முதல் ஓவர் போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்புறம் சுகர் வந்தது. சுகருக்குப் பின்னாலேயே தோள்வலி வந்தது. ஒரு நாள் காலையில் சட்டை போடக் கையைத் தூக்குகிறேன், தோள்பட்டை வரைக்கும் வந்து நின்றுவிட்டது. யாரோ உள்ளே நின்று கதவைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. கோமதி ஓடி வந்து சட்டைக்கையை மாட்டிவிட்டாள். கோமதி என் மனைவி. எங்கள் ஊர் அம்மன் பெயரும் அதுதான், கோமதி என்று கூப்பிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும் என்பதால் இதைச் சொல்லிவிடுவது நல்லது.

டாக்டர் பார்த்தார். "தோள் இறுகிப்போச்சு. சுகர்காரங்களுக்கு வாரதுதான். ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் இருக்கும். அப்புறம் தானா விட்டுப்போகும்."

கோமதிக்குக் கோபம். வெளியே வந்ததும் ஆரம்பித்தாள். "தானா வந்தது தானா போகும்னு சொல்லதுக்கு ஒரு டாக்டரா? அதை நான் சொல்ல மாட்டனா?"

அன்று சாயங்காலமே கோயிலுக்குப் போய்ப் புற்றுமண் வாங்கி வந்து தோளில் பூசினாள். கை குணமானால் வெள்ளியில் கை உரு வாங்கிப் போடுவதாக அம்மனிடம் நேர்ந்துகொண்டாள். இன்னொரு பக்கம், பிசியோதெரபி அம்மா சொல்லிக்கொடுத்த பயிற்சியையும் விடவில்லை. சுவரோரம் நின்று, விரல்களால் பல்லி மாதிரி சுவரில் ஏற வேண்டும். எட்டின இடத்தில் கோமதி பென்சிலால் கோடு போடுவாள். பல நாள் கோடு மேலே போகவே போகாது. "பெயிண்ட் அடிச்ச சுவரு வீணாப்போச்சு" என்பாள். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அம்மன் சன்னதியில் எல்லோரும் தலைக்கு மேலே கைகூப்பி நிற்கும்போது என் இடது கை மட்டும் தனியாக மேலே போகும். பக்கத்தில் நின்ற ஒருவர், "என்ன அண்ணாச்சி, அம்மனுக்கு டாட்டா காட்டுதீயளா?" என்று கேட்டார். சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபின் அது சிரிப்பாக இல்லை.

முதுகில் எழுதியது

எங்கள் கேப்டன் செந்தில் விசைத்தறி வைத்திருக்கிறவன். நாற்பதைத் தொட்டதும் எங்கள் அணிக்கு வந்து, வந்த வேகத்தில் கேப்டனும் ஆனான். நல்ல பையன். பெரியவர்களிடம் மரியாதை உண்டு. அந்த மரியாதைதான் என்னைக் கொல்ல வந்தது.

போட்டிக்கு முந்திய வாரம் புது டீ-சர்ட் பொட்டலங்களோடு வீட்டுக்கு வந்தான். என்னுடையதை இரண்டு கையாலும் பிடித்து நீட்டினான், கல்யாணப் பத்திரிகை வைக்கிற மாதிரி. பிரித்துப் பார்த்தேன். முன்பக்கம் ஊர்ப் பெயர். முதுகில், எல்லோருக்கும் எண் இருக்கிற இடத்தில், எனக்கு 'மேனேஜர்' என்று இருந்தது.

"அண்ணாச்சி, நீங்க இல்லாம டீம் கிடையாது. அதான் இந்தப் பொறுப்பு" என்றான்.

"என்ன பொறுப்பு?"

"எல்லாத்தையும் நீங்கதான் பாத்துக்கிடணும். சாப்பாடு, தண்ணி, பந்து, குடை..."

கோமதி காப்பி கொடுத்தாள். அவன் போனபின் அந்தச் சட்டையை எடுத்து உதறிப் பார்த்தாள். "துணி நல்லாத்தான் இருக்கு" என்றாள். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. ரிட்டயர்மெண்டுக்கு இன்னும் வருஷங்கள் இருக்கின்றன. ஆபீஸ் கூட என்னை அனுப்பவில்லை. பொட்டல் அனுப்பிவிட்டது. அழுகை வந்தது என்று எழுதுவதற்கு எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

மேனேஜராகவே பயிற்சிக்குப் போனேன். தண்ணிக் கேனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லைக்கோட்டில் நின்றேன். ஒருவன் அடித்த பந்து என் காலடிக்கு வந்தது. எடுத்துக் கொடுக்க வேண்டும். கை மேலே போகாது. அதனால் கீழிருந்து, விரல்களால் ஒரு சுண்டு சுண்டி விட்டேன்.

பந்து மெதுவாக எழும்பிப் போய், விக்கெட் கீப்பருக்கு முன்னால் குத்தி, அவன் கைக்குப் போகாமல் ஒரு முழம் விலகித் திரும்பியது. கீப்பர் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நானும் என் கையைப் பார்த்தேன். பல வருஷம் கழித்து அந்தக் கை எனக்கு ஒரு பழைய பாடத்தை ஒப்பித்திருந்தது.

தறிக்கொட்டகைத் தெரு

சின்ன வயதில் நாங்கள் குடியிருந்த தெருவின் இரண்டு பக்கமும் தறிக்கொட்டகைகள். கதவும் ஜன்னலும் காற்றுக்காகத் திறந்தே கிடக்கும். உள்ளே தறிகள் ஓடிக்கொண்டே இருக்கும். தடதடவென்ற அந்தச் சத்தத்தில் 'அவுட்' என்று கத்தினால் பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்காது. கையை ஆட்டித்தான் சண்டை போடுவோம்.

பந்து ஓடுகிற தறிக்குள் விழுந்தால் தொலைந்தது. பாவு நூல் அறுந்துபோகும். அதை ஒவ்வொரு இழையாகப் பிணைத்து எடுப்பதற்குள் தறிக்காரருக்கு அன்றைய வேலை போய்விடும். எங்களுக்கு முதுகுத்தோல் போய்விடும். அதனால் தெருவே கூடி ஒரு சட்டம் வைத்திருந்தது. பந்து போடுகிறவன் கை தோளுக்கு மேலே போகக் கூடாது. அடிக்கிறவன் பந்து இடுப்புக்கு மேலே போகக் கூடாது, போனால் அவுட்.

வேகம் கிடையாது, உயரம் கிடையாது. பந்து போடுகிறவனிடம் மிச்சம் இருப்பது விரல்தான். டென்னிஸ் பந்தைச் சுண்டினால் அது எப்படித் திரும்பும், எங்கே குத்தினால் எவ்வளவு எழும்பும் என்பதெல்லாம் எங்கள் விரலுக்குத் தெரியும். தேய்ந்த பந்து ஒரு மாதிரி போகும். சாக்கடையில் விழுந்து நனைந்த பந்து இன்னொரு மாதிரி. அதைக் கழுவாமலே போடுகிற ஆட்களும் இருந்தார்கள். பெயர் சொல்ல மாட்டேன், ஒருவர் இப்போது ஊரில் பெரிய மனுஷர்.

பெரிய பொட்டலுக்குப் போனபின் நாங்கள் எல்லோரும் கையைத் தூக்கிப் போடக் கற்றுக்கொண்டோம். கீழிருந்து போடுவது சின்னப் பிள்ளை விளையாட்டு என்று ஆகிவிட்டது. விரல் மட்டும் மறக்கவில்லை போலிருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு

செந்திலிடம் போய், "நான் கீழிருந்து போடுதேன்" என்றேன்.

"அது ரூல்லயே கிடையாது அண்ணாச்சி" என்றான். குரலில் அத்தனை இரக்கம்.

நான் வேல்ச்சாமி சாரைப் பார்க்க பஸ் ஏறினேன். மேலநீலிதநல்லூர்க்காரர். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிறவர். வீட்டில் ஆட்டுமந்தை உண்டு. எங்கள் வட்டாரத்தில் எந்தப் போட்டியானாலும் இரண்டு அணிகளும் அவரைத்தான் அம்பயராகக் கேட்கும். சொந்த மச்சினனுக்கே எல்பிடபிள்யூ கொடுத்து, இரண்டு வருஷம் மாமியார் வீட்டுக்குப் போக முடியாமல் இருந்தவர்.

கிடையில் ஆட்டுக்குட்டிக்கு மருந்து புகட்டிக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் குட்டியை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"கூடாதுன்னுதான் ரூல். ஆனா ஒரு வழி இருக்கு. மேட்சுக்கு முன்னாலயே ரெண்டு பக்கமும் பேசி ஒத்துக்கிட்டா போடலாம். மேட்ச் ஆரம்பிச்ச பிறகு கேட்டா நான் நோ பால்தான் கொடுப்பேன், சொல்லிட்டேன்."

"எவன் வே ஒத்துக்கிடுவான்?"

"கேட்டுப் பாரும். கேக்கதுக்கு என்ன?" என்றார். அப்புறம் சிரித்தார். "அந்தக் காலத்துல எல்லாப் பயலும் கீழ இருந்துதான்வே போட்டான். நீரு பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆளு. தெரியாம இங்கன வந்து பொறந்துட்டீரு."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஜன்னலுக்கு வெளியே பருத்தியும் சோளமும் காய்ந்துகொண்டிருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில், சீமையில், சங்கரன்கோவில் மாதிரி ஒரு சின்ன ஊர் இருந்திருக்கும். அங்கே ஒரு ஆபீஸில் என்னை மாதிரி ஒரு குமாஸ்தா இருந்திருப்பான். சனிக்கிழமை ஆனால் உயரத் தொப்பியோடு மைதானத்துக்குப் போய், கீழிருந்து சுண்டிச் சுண்டிப் பந்து போட்டிருப்பான். அவன் பெயர் எந்தச் சரித்திரத்திலும் இருக்காது. அவன் பெண்டாட்டியும் 'மண்ணாப்போன பந்து' என்று திட்டித்தான் சட்டையைத் துவைத்திருப்பாள்.

பிறகு கையைத் தூக்கிப் போடுகிற பையன்கள் வந்திருப்பார்கள். அவனையும் யாராவது மரியாதையாக மேனேஜர் ஆக்கியிருப்பார்கள். அப்போது அவன் என்ன செய்திருப்பான்? இதற்கு மட்டும் எனக்குப் பதில் தெரியவில்லை. நான் என்ன செய்யப் போகிறேன் என்பது பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது தெரிந்துவிட்டது.

வடைக்கு உளுந்தை நல்லாப் பொங்கப் பொங்க ஆட்டச் சொல்லி, சமையல்காரரிடம் அன்றே சொல்லி வைத்தேன்.

பொட்டலில்

மேட்ச் அன்று காலையில் எங்கள் ஆள் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு. இதில் எனக்கும் பொங்கலுக்கும் சம்பந்தம் கிடையாது, அவர் சாப்பிடவே இல்லை. வேறு ஆள் இல்லாததால் செந்தில் என்னைப் பதினொன்றாவது ஆளாகச் சேர்த்தான். "சும்மா நில்லுங்க அண்ணாச்சி, போதும்" என்றான்.

முதலில் ஆடி நாங்கள் எடுத்த ஓட்டம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. சிவகிரிக்காரர்கள் அடித்த அடியில் பந்து ரயில்வே வேலியைத் தாண்டித் தாண்டிப் போயிற்று. தென்காசி வண்டி போனபோது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர்கள்கூடக் கைதட்டினார்கள். எங்கள் வேகப்பந்துக்காரர்கள் இடுப்பில் கை வைத்து நின்றார்கள். வேகமாகப் போட்டால் வேகமாகப் போகும், அதுதான் அன்றைய கணக்கு.

நான் செந்திலிடம் போய்க் கையை நீட்டினேன்.

"அண்ணாச்சி, விளையாடாதீங்க."

"விளையாடத்தானலே வந்திருக்கோம். பந்தைக் கொடு."

இனிமேல் கெடுவதற்கு ஒன்றும் இல்லை என்ற முகத்தோடு கொடுத்தான்.

முதல் பந்து சிக்சர். பொட்டலே சிரித்தது. நான் எதிர்பார்த்ததுதான். சிரித்துவிட்டு அடிக்கிறவனுக்கு அடுத்த பந்தும் அப்படியே வரும் என்று தோன்றும். அடுத்ததைக் கொஞ்சம் உயரமாக, கொஞ்சம் குட்டையாக, சுண்டி விட்டேன். அவன் பந்து வருவதற்கு முன்பே மட்டையைச் சுழற்றி முடித்துவிட்டான். பந்து சாவகாசமாக வந்து குத்தி, திரும்பி, ஸ்டம்பைத் தட்டியது.

அடுத்து வந்தவன் வானத்துக்கு அடித்து எல்லையில் பிடிபட்டான். அதற்கு அடுத்தவன் என் பந்தைத் தேடிக்கொண்டு பாதி தூரம் நடந்து வந்துவிட்டான். கீப்பர் நிதானமாக ஸ்டம்பைத் தட்டினான். சிரிப்புச் சத்தம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

அப்போதுதான் சிவகிரிக்காரர்கள் உள்ளே ஓடி வந்தார்கள். "இது செல்லாது! அண்டர் ஆர்ம் எந்த ஊரு ரூலு?" என்று ஒரே சத்தம். வேல்ச்சாமி சார் அசையவில்லை. "உங்க கேப்டன்ட்ட கேளுங்கலே" என்றார்.

எல்லோரும் பாண்டியனைப் பார்த்தார்கள். எல்லைக்கோட்டில் மட்டையோடு நின்றார். வேடிக்கைக்குச் சொன்னேன் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் ஆட்டம் முடிந்தது. அன்றைக்கு மட்டும் இல்லை, என்றைக்குமாக. மீதி வயசெல்லாம் தண்ணிக் கேன்தான்.

பாண்டியன் மெதுவாக நடந்து வந்தார். தன் ஆட்களைப் பார்த்துச் சொன்னார்.

"ஏலே, ஒத்துக்கிட்டது நான். அவுக வச்ச வடையத் தின்னுட்டுத்தானலே ஒத்துக்கிட்டேன். இப்ப இல்லைன்னு சொல்லவா? அங்கன போய் உக்காருங்க."

அவரே ஆட வந்தார். என் பந்தில் இரண்டு பெரிய அடி அடித்தார். இரண்டுக்கும் நானே கைதட்டினேன், அவ்வளவு அழகு. மூன்றாவதை இன்னும் கொஞ்சம் மெதுவாக விட்டேன். பந்து நேர் மேலே போயிற்று. கீழே நின்றது செந்தில். வெயிலைக் கையால் மறைத்துக்கொண்டு, தள்ளாடித் தள்ளாடி, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தான். பிடித்த பந்தோடு என்னிடம் ஓடி வந்து என்னைத் தூக்கிவிட்டான். "தோளு, தோளு!" என்று நான் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை.

ஜெயித்தோம். பாண்டியன் வந்து என் கையைப் பிடித்தார். "வடையில என்ன போட்டிய அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டார். வீட்டுக்குப் போனதும் கோமதி அழுக்குச் சட்டையைக் கழற்றிவிட்டாள். முதுகில் இருந்த எழுத்தைப் பார்த்தாள். "நல்லா மேனேஜ் பண்ணியிருக்கீயளே" என்றாள்.

எனக்காக ஒரு சட்டம்

அடுத்த வருஷம் போட்டிக் கமிட்டியின் நோட்டீஸ் செல்போனில் வந்தது. விதிமுறைகளின் கடைசியில், போன வருஷம் இல்லாத ஒரு வரி புதிதாக இருந்தது. 'தோளுக்குக் கீழிருந்து பந்து வீச அனுமதி இல்லை.'

நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்குக் கோபம் வர வேண்டும், வரவில்லை. ஆபீஸில் எல்லோரிடமும் காட்டினேன். கோப்பை வாங்கினவர்கள் ஊரில் எத்தனையோ பேர். ஒரு மனுஷனைத் தடுப்பதற்காகவே சட்டம் போட்டார்கள் என்றால் அந்த மனுஷன் யார்? சீமையில் தொப்பி போட்ட என் கூட்டாளியை நினைத்துக்கொண்டேன்.

கோமதி மட்டும், "ஊரையே சட்டம் போட வச்சவருக்கு, தண்ணி மோட்டாரைப் போடுங்கன்னா காது கேக்காது" என்றாள்.

அதற்குள் டாக்டர் சொன்னபடியே தோள் விட்டிருந்தது. பென்சில் கோடுகள் சுவரில் கிடுகிடுவென்று ஏறின. ஒரு வெள்ளிக்கிழமை அம்மன் சன்னதியில் இரண்டு கையும் தலைக்கு மேலே போய்ச் சேர்ந்துகொண்டன. கோமதி சாமியைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்து அழுதாள். வெள்ளிக் கையை உண்டியலில் போட்டுவிட்டு வந்தோம்.

ஆனால் தூக்க முடிந்த கையால் பழைய வேகம் போட முடியவில்லை. பயிற்சியில் ஓடி வந்து போட்டேன். அல்வா மாதிரி போய் மட்டையில் விழுந்தது. செந்தில் வேறு பக்கம் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கீழிருந்து போடச் சட்டம் விடாது, மேலிருந்து போட வயசு விடாது. மறுபடியும் தண்ணிக் கேன் என்னைக் கூப்பிட்டது.

சிவகிரியோடு மேட்ச். அதே வேப்பமரம், அதே சாம்பார் வாளி. இந்தத் தடவை வாளி வலது கையில். பாண்டியன் இலையில் வடையை வைத்தேன். அவர் தொடவில்லை.

"ஏன் தம்பி, சாப்பிடலையா?"

"முதல்ல நீங்க ஒண்ணுக்குச் சம்மதிக்கணும் அண்ணாச்சி. அப்புறந்தான் வடை."

"சொல்லுங்க."

"நோட்டீஸ்ல அவன் என்னத்தையும் போட்டுட்டுப் போறான். எங்க மேட்ச்ல நீங்க கீழ இருந்துதான் போடணும்."

அவர் ஆட்கள் ஒருவரும் சிரிக்கவில்லை.

"ஒரு வருஷமா பழகுதோம் அண்ணாச்சி. என் மச்சினனைத் தோட்டத்துல வச்சு, கீழ இருந்து சுண்டிப் போடச் சொல்லி, சாயங்காலம் சாயங்காலம் அதான் வேலை. அவன் சட்டைக்குப் பின்னால மேனேஜர்னு மார்க்கர்ல எழுதியிருக்கோம். அப்பத்தான் எங்க பயலுவளுக்குப் பயம் வருது. எங்க ஊர்ல இப்ப அந்தப் பந்துக்குப் பேரே மேனேஜர் பந்துதான். நீங்க போடாட்டா நாங்க எதுக்கு வந்தோம்?"

கமிட்டிக்காரர் ஓடி வந்தார். சட்டம் சட்டம்தான் என்றார். வேல்ச்சாமி சார் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "மேட்சுக்கு முன்னால ரெண்டு கேப்டனும் ஒத்துக்கிட்டா எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றார். பிறகு செந்திலைப் பார்த்தார்.

செந்தில் என்னைப் பார்த்தான். மரியாதையாக இல்லை, இரக்கமாகவும் இல்லை. ஒரு கேப்டன் தன் பந்துவீச்சாளனைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். "முதல் ஓவரே அண்ணாச்சிதான்" என்றான்.

பாண்டியன் வடையை எடுத்து வாயில் வைத்தார்.

அந்த மேட்சில் யார் ஜெயித்தது என்று கேட்பவர்களுக்கு: அவர்கள்தான். நன்றாகவே பழகியிருந்தார்கள். எனக்கு அதில் துளி வருத்தம் இல்லை. ஏனென்றால் எனக்கு வேண்டியது முதல் பந்திலேயே கிடைத்துவிட்டது.

மேனேஜர் என்று எழுதிய அதே பழைய சட்டையில்தான் நின்றேன். செந்தில் எண் போட்ட புதுச் சட்டை கொடுத்தான், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எதிரே பாண்டியன். போடுவதற்கு முன்னால் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஒரு தடவை சோம்பல் முறித்துக்கொண்டேன், எல்லோரும் பார்க்கட்டும் என்று. பிறகு கையைக் கீழே கொண்டுவந்து, சுண்டி விட்டேன்.

டென்னிஸ் பந்துப் போட்டியில் யாரும் தடுத்து ஆட மாட்டார்கள். வந்தது எதுவானாலும் அடிதான். எங்கள் பொட்டலில் ஒருவன் பந்தைத் தடுத்து ஆடி நான் பார்த்ததே இல்லை. பாண்டியன் காலை முன்னால் வைத்து, தலையைக் குனிந்து, பந்து குத்தித் திரும்புகிற வரைக்கும் காத்திருந்து, மட்டையை நேராகப் பிடித்துத் தடுத்தார்.

பந்து உருண்டு என் காலடிக்கே வந்தது. குனிந்து எடுத்துக்கொண்டேன்.